சேலத்துல மனை, வீடு வாங்குறப்போ அவசரத்துல பண்ற தப்புங்க

ஞாயித்துக்கிழமை காலைல அஞ்சு ரோட்டுல இருந்து வேன் கிளம்பும், சைட் பாக்க. வழியில தட்டுவடை செட்டு, டீ எல்லாம் மனை விக்கிறவங்க செலவு. அங்க போனா கலர் கொடி, மஞ்ச பெயிண்ட் அடிச்ச கல்லு, "அண்ணா இந்த மூலை மனைக்கு மத்தியானம் இன்னொரு பார்ட்டி வர்றாங்க"ன்னு ஒரே ஒரு வார்த்தை. அவ்ளோதான், 25 ஆயிரம் டோக்கன் அட்வான்ஸ் கைய விட்டு போயிடும். எனக்கும் போச்சு, திருப்பி வாங்க ஏழு மாசம் நடையா நடந்தேன். விலை ஏறிட்டே போகுது, இப்ப விட்டா அப்புறம் வாங்கவே முடியாதுங்கற பயத்தைத்தான் அவங்க விக்கிறாங்க, மனை அப்புறம். டோக்கன் கொடுத்தே ஆகணும்னா, லீகல் பாத்து சரியில்லன்னா முழுப் பணமும் திருப்பித் தரணும்னு ரசீதுல எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னா பேசாம வேன்ல ஏறிடுங்க.

அடுத்தது கணக்கு, இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க. 40 லட்சத்துக்கு வீடுன்னு வைங்க, 30 லட்சத்துக்கு மேல போற லோனுக்கு பேங்க் 80 சதவீதம் வரைக்கும்தான் தரும், அதாவது 32 லட்சம், மீதி 8 நம்ம கையில இருக்கேன்னு சந்தோஷமா போவோம், அங்க முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம்னு 3 லட்சத்து 60 ஆயிரம் வந்து நிக்கும், இதை பேங்க் வீட்டு விலையோட சேத்துக்காது. ஆக 11 லட்சத்து 60 ஆயிரம் வேணும். கடைசி நேரத்துல பொண்டாட்டி நகை அடகுக்குப் போகும். 32 லட்சத்துக்கு எட்டரை வட்டில 20 வருஷம்னா இஎம்ஐ மாசம் 27,800 கிட்ட வரும், அது மேல நகைக்கடன் வட்டி வேற, 50 ஆயிரம் சம்பளக்காரன் என்ன பண்ணுவான் சொல்லுங்க.

"பத்திரத்துல கொறச்சு எழுதிக்கலாம்"னு சொல்றவங்க பேச்ச கேக்காதீங்க, லோனும் கொறையும், நாளைக்கு நீங்க விக்கும்போது வரியும் உங்க தலைல.

பட்டா இருக்கு, வில்லங்கம் பாத்தாச்சு, இதுவே போதும்னு நினைக்கிறதும் தப்புதான். ஈசின்னு சொல்ற வில்லங்கச் சான்றுல பதிவான விவகாரம்தான் வரும். அப்பா சொத்தை அண்ணன் தம்பி மட்டும் கையெழுத்து போட்டு வித்திருப்பாங்க, கல்யாணம் ஆகி ஆத்தூர் போன அக்கா பேரே இருக்காது, அந்தம்மா பங்கு கேட்டு கேஸ் போட்டா நாம கோர்ட்ல நிக்கணும். மூலப்பத்திரத்துல இருந்து வாரிசு சான்றிதழ் வரைக்கும் வக்கீல்கிட்ட கொடுத்து பாருங்க, விக்கிறவங்க கூட்டிட்டு வர்ற வக்கீல் இல்ல, நீங்க தேடிப் புடிக்கிற வக்கீல்.

"பஞ்சாயத்து அப்ரூவல்"னு ஒண்ணு சொல்வாங்க, அதெல்லாம் செல்லாது, டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம் கொடுத்த அப்ரூவல் நம்பர் கேளுங்க. டவுன்ல விலை கட்டுப்படியாகலன்னு ஏற்காட்டுல காபி தோட்டத்த துண்டு போட்டு விக்கிறத வாங்கிடலாம்னு ஆசை வரும், குளுகுளுன்னு வேற இருக்கும், ஆனா அது ஹாக்கா, அதாவது மலைப்பகுதி பாதுகாப்புக் குழு வரம்புல வர்ற மலை, வீடு கட்ட அவங்க அனுமதி இல்லாம வாங்கினா வார வாரம் கொண்டை ஊசி வளைவு ஏறி காலி இடத்த பாத்துட்டு வரலாம்.

அப்புறம், சைட்ட வெயில்ல மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதீங்க. மூக்கனேரி மாதிரி ஏரிப்பக்கம், ஓடைப்பக்கம்னா நவம்பர்ல மழை விட்டதும் யாருக்கும் சொல்லாம வண்டிய எடுத்துட்டு தனியா போங்க. அந்த மஞ்ச கல்லு தண்ணிக்கு மேல தெரியுதான்னு பாருங்க.