வயதானவர்களின் காது: குளிசை எதற்கு, மெசின் எதற்கு

"சத்தம் கேக்குது, என்ன சொல்லுறியள் எண்டுதான் விளங்கேல்லை." முதுமையில் வரும் கேளாமை பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும். உட்காதில் உயர்சுருதியைப் பிடிக்கும் மயிர்க்கலங்கள் முதலில் அழிவதால் உயிரொலி கேட்கும், ச, த, க போன்ற மெய்கள் நழுவும். "சட்டியை எடுங்கோ" என்றால் அம்மம்மா "என்ன கட்டி?" என்பார். பேத்தியின் கீச்சுக்குரல் பிடிபடாது. ஒழுங்கையில் போகும் லான்ட்மாஸ்டர் நன்றாகவே கேட்கும்.

அழிந்த கலம் மறுபடி முளைக்காது. அதைத் திருப்பித் தரும் குளிசையும் இல்லை. பாமசியில் 'நரம்புக்கு' என்று தரும் விற்றமினுக்குக் கொடுக்கும் காசை, காதில் மாட்டிக் கேட்கும் மெசினின் பற்றரிக்கு வையுங்கள்.

அதற்காக வன்னியில் 'வயசுதானே' என்று விட்டுவிடக் கூடாது. 2009 வரை ஷெல்லடிக்குள் கிடந்த தலைமுறை இது. செவிப்பறை கிழிந்தும் காட்டாமல் விட்டவர்கள் இருக்கலாம். அந்த ஓட்டையைப் பலருக்குச் சத்திரசிகிச்சையால் அடைக்க முடியும். சிலருக்கு வெறும் குறும்பிதான் அடைத்திருக்கும். ஆகவே கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் கிட்ட உள்ளதில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி, ஈ.என்.ரி. (காது, மூக்கு, தொண்டை) டொக்டரிடம் போகக் கடிதம் கேளுங்கள். பாவிக்கும் மருந்து எல்லாவற்றையும் பையோடு கொண்டு போங்கள். ஜென்ராமைசின், ஸ்ரெப்ரோமைசின் ஊசிகள், புற்றுநோய்க்கான சிஸ்பிளாற்றின், கூடிய அளவு புரூசமைட் காதைத் தாக்கக்கூடியவை. இதயத்துக்குத் தரும் 75 மி.கி. அஸ்பிரினைப் பயந்து நிறுத்த வேண்டாம். காதை இரைய வைப்பது பெரிய அளவு அஸ்பிரின்.

ஒரு காது திடீரென, ஓரிரு நாளில் கேளாமல் போனால் கிளினிக் நாளுக்குக் காத்திராதீர்கள். அன்றே போக வேண்டும். ஸ்ரெரொயிட் முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் கூட.

ஓட்டையோ சீழோ இல்லை என்று டொக்டர் சொன்ன பிறகே குறும்பிக்குத் துளி விடலாம். சோடியம் பைகாபனேற் துளி அல்லது ஒலிவ் எண்ணெய், 3–4 துளி, நாளுக்கு இருதரம், 3–5 நாள். விட்டபின் 5 நிமிடம் சரிந்து படுக்க வேண்டும். குறும்பி ஊறி உப்புவதால் இடையில் காது இன்னும் அடைத்தது போலிருக்கும். உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் சுடும்; கிழிந்த பறையூடாக உள்ளே போனால் கிருமியும் பிடிக்கும். கோழியிறகும் சட்டைப்பின்னும் குறும்பியை இன்னும் உள்ளே தள்ளும்.

மெசின் கிடைத்ததும் பலர் ஒரு கிழமையில் அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். முதல் நாளே சந்தைக்கோ கோயில் திருவிழாவுக்கோ போட்டுப் போவதும் ஒரு காரணம். முதல் நாட்களில் வீட்டுக்குள், ஒருவரோடு மட்டும் பேசி, 1–2 மணித்தியாலம் போதும். பிறகு மெல்ல மெல்லக் கூட்டுங்கள். சிவப்புக் குறி வலக்காதுக்கு, நீலம் இடக்காதுக்கு. 'கீ' என்று கத்தினால் காதுக்குள் பொருந்தும் அச்சு சரியாக உட்காரவில்லை, அல்லது காதில் குறும்பி. அச்சையும் மெசினையும் இணைக்கும் குழாய் மஞ்சளாகி விறைத்திருந்தால் மாற்றுவியுங்கள்.

பற்றரியின் ஒட்டுத்தாளை உரித்து, காற்றுப் பட ஒரு நிமிடம் விட்டுப் போடுங்கள். உரித்ததைத் திரும்ப ஒட்டிச் சேமிக்க முடியாது. செம்மஞ்சள் தாள் 13ஆம் இலக்கம், மண்ணிறம் 312, நீலம் 675. கடையில் நிறத்தைச் சொன்னாலே போதும்.

இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவுக்குள் வையுங்கள். மாரியில் ஈரமும் கோடையில் வியர்வையும்தான் மெசினைக் கெடுப்பவை. வெயிலில் காயவைக்க வேண்டாம். அச்சைக் கழற்றிச் சவர்க்கார நீரில் கழுவலாம். மெசினில் தண்ணீர் படக்கூடாது.

மெசின் போட்டாலும் அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் விளங்காது. வெளிச்சம் உங்கள் முகத்தில் படும்படி முன்னால் வந்து, ரீவியைக் குறைத்து, சாதாரணக் குரலில் ஆறுதலாகச் சொல்லுங்கள். கத்தினால் சொல் சிதையும். விளங்காவிட்டால் அதையே திருப்பாமல் வேறு சொல்லால் சொல்லுங்கள்.

தீர்ந்த பற்றரியைப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கினாலோ மூக்கில் போட்டாலோ உடனே ஆஸ்பத்திரி.