பழ ஈ முட்டைக்குள் கலங்கள் கட்டிக்கொள்ளும் நேரம்

கல்லடியில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பக்கத்துக் கலங்களை ஒன்றோடொன்று கட்டிவைக்கும் கலச்சந்தியைப் படத்தில் மட்டுமே பார்த்தவர்களுக்கு, அது பிறக்கும் நேரத்தையாவது நேரில் காட்ட வேண்டும் என்பது என் ஆசை. வீட்டு விறாந்தையே போதும்.

கனிந்த கதலிப் பழத்தைப் போத்தலில் போட்டால் பழ ஈ சேரும். ஒரு மூடியில் திராட்சைச் சாறு கலந்த அகர் ஊற்றி, நடுவில் ஈஸ்ட் பசை தடவி, போத்தல் வாயில் கவிழ்த்து ஒரு மணி நேரம் விடுங்கள். முட்டை அரை மில்லிமீற்றர் நீளம்தான், ஈரத் தூரிகையில் ஒட்டி வரும்.

நேரக் கணக்கில்தான் பலரும் தவறுவார்கள். 25 பாகை செல்சியஸில், முட்டையிட்டு 2 மணி 10 நிமிடமளவில் கலத்தின் மெல்லிய உறையான கலமென்சவ்வு உள்ளே இறங்கத் தொடங்கும். சுமார் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆகவே மூடியை எடுத்து ஒன்றரை மணி நேரத்தில் பாருங்கள். ஒரு சித்திரை வெக்கையில் இந்தக் கணக்கையே நம்பியிருந்தேன்; பார்த்தபோது முட்டைக்குள் வளரும் முளையம் உள்நோக்கி மடியவே தொடங்கியிருந்தது. சூட்டில் எல்லாம் முந்தும். மார்கழி மாரியில் அறை 25க்குக் கிட்ட நிற்கும், அப்போது செய்வது நல்லது.

நுணுக்குக்காட்டியின் கண்ணாடி வழுக்கியில் ஒரு சொட்டு பேபி ஒயில் விட்டு முட்டையை வையுங்கள். முட்டையின் வெளி ஓடு தெளிந்துவிடும். மூடித்துண்டு வேண்டாம், முளையம் மூச்சுவிட வேண்டும்.

சரி, என்ன தெரியும்? 13 தடவை உட்கருக்கள் மட்டும் பிரிந்து, கலமே இல்லாமல் 6000 அளவில் விளிம்பில் வரிசையாக நிற்கும். அவற்றுக்கிடையே மென்சவ்வு ஒரு கோடாக இறங்கும். முதலில் ஊர்ந்து, பிற்பாதியில் விரைவாக.

சந்தி இந்தக் கோட்டோடுதான் பிறக்கிறது. சாதாரண நுணுக்குக்காட்டியில் அது தெரியாது. ஆகவே பிள்ளைகளிடம் கிடுகுகளைப் பக்கத்துப் பக்கத்தில் கட்டிச் சேர்த்த வேலியை நினைக்கச் சொல்வேன். பக்கத்துப் பக்கத்துக் கலங்களிலிருந்து ஈ-காடெரின் புரதம் நீண்டு ஒன்றையொன்று பிடிக்கும். உள்ளே கற்றெனின்கள் என்ற புரதங்கள் அந்தப் பிடியைக் கலத்துக்குள் இருக்கும் அக்டின் இழைகளோடு இணைக்கும். எங்கே கட்டுவது என்பதற்கு அடையாளம் பசூக்கா என்ற புரதம். அது முதலில் மேல்பக்கத்தில் இடம்பிடிக்க, காடெரின் அங்கே திரள்கிறது. ஹாரிஸ், பைஃபர் என்ற ஆய்வாளர்கள் 2004இல் காட்டியது இது. ஆரம்பத்தில் அங்கங்கே முடிச்சுகள்தான். அப்புறம், முளையம் மடியும் காலத்தில், அவை சேர்ந்து கலத்தைச் சுற்றிய கயிறாகும்.

கோடு இறங்கி முடிந்ததும் எழுந்துவிடாதீர்கள். சில நிமிடங்களில் வயிற்றுப் பக்கம் ஒரு பள்ளம் விழும். அந்த இழுவைக்கும் கலங்களின் தாள் பிரியாமல் மடிவது இந்த முடிச்சுகளால்தான்.