பழைய டிராக்டருக்கு வேலை பார்ப்பதா, மாற்றுவதா? பங்குனியில் போட வேண்டிய கணக்கு

வீரவநல்லூர் பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர். நாலு ஏக்கர் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல், மீதி இரண்டு ஏக்கர் வாழை. டிராக்டர் மாமனார் 1999-ல் வாங்கியது. 35 குதிரைத்திறன், மூன்று சிலிண்டர். போன பிசானத்துக்கு, அதாவது பங்குனி வாக்கில் அறுக்கிற நெல் பருவத்துக்கு, தொளி அடித்த (சேற்றுழவு செய்த) இரண்டாம் நாள் மத்தியானம், எஞ்சின் தலைப்பகுதியை அடைக்கிற ஹெட் கேஸ்கெட் போய் வயல் நடுவிலேயே நின்றுவிட்டது. அன்றைக்கு நாற்றுக்கு 24 நாள். கால்வாயில் தண்ணீர் வந்த வாரம் என்பதால் வாடகை வண்டி ஒன்றுகூடச் சும்மா இல்லை. மெக்கானிக்கும் மூன்று ஊருக்கு ஓடிக்கொண்டிருந்தார். நடவு முடியும்போது நாற்றுக்கு 35 நாள் ஆகிவிட்டது. முற்றிய நாற்று, சரியாகத் தூர் கட்டவில்லை. கேஸ்கெட் செலவு கொஞ்சம்தான். அறுவடையில் குறைந்த மூட்டைகள்தான் என்னை உட்கார்ந்து யோசிக்க வைத்தன.

அதனால் முதலில் சொல்வது இதுதான். வண்டியை வைத்துக்கொள்வதா மாற்றுவதா என்ற முடிவைப் பிசான அறுவடை முடிந்ததும், பங்குனி சித்திரையில் எடுத்துவிடுங்கள். அணையில் தண்ணீர் இருந்தால் ஜூன் வாக்கில் கார் பருவ நெல்லுக்குத் திறந்துவிடுவார்கள். அதற்குப் பிறகு யோசித்தால் அவசரத்தில் ஒன்று தெரியாத வேலைக்குக் காசைக் கொட்டுவோம், இல்லை ஷோரூமில் காட்டியதில் கையெழுத்துப் போடுவோம்.

எங்கள் மெக்கானிக் அண்ணாச்சி ஒரு கேள்வி கேட்டார். “தங்கச்சி, வண்டியில என்ன குறைன்னு மொதல்ல ரெண்டா பிரிச்சு எழுது. தேஞ்சு போனது ஒரு பக்கம். பொறப்புலேயே இல்லாதது இன்னொரு பக்கம்.” எழுதிப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெளிவு வந்தது. தேய்ந்ததை மாற்றலாம். பிஸ்டன், லைனர், கிளட்ச் பிளேட், ஆயில் சீல், பின்னால் கலப்பையைத் தூக்குகிற லிஃப்டின் வளையம் எல்லாம் கடையில் கிடைக்கிற பொருள்கள். பிறப்பிலேயே இல்லாததை எவ்வளவு செலவழித்தும் கொண்டுவர முடியாது. நாலு சக்கர இழுவை, வண்டியின் அகலம், இரட்டைக் கிளட்ச், ஆயிலில் மூழ்கிய பிரேக் போன்றவை அந்த ரகம். நடுவில் நிற்பது பவர் ஸ்டீயரிங் மட்டும். அதைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்ளலாம். தோள்வலியால் ஓட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் வண்டியை விற்க வேண்டாம்.

தேய்மானத்தைக் கண்டுபிடிக்கக் காலையில் எழுந்ததும் கொட்டகைக்குப் போங்கள். எஞ்சின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருக்க வேண்டும். பழைய வண்டியை விற்கிறவர்கள் நாம் பார்க்க வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைப்பதைப் பார்த்திருக்கிறேன். சூடான எஞ்சின் எதையும் காட்டிக்கொடுக்காது. முதலில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீரில் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுங்கள். ஆயில் பால் காப்பி நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலக்கிறது. நாம் ஊற்றாமலே அளவு ஏறி, மோந்தால் டீசல் வாடை வந்தால் பம்ப் பக்கம் கசிகிறது.

அப்புறம் ஸ்டார்ட் செய்யுங்கள். சுமை ஏற்றும்போது கறுப்புப் புகை வந்தால் பெரும்பாலும் ஏர் ஃபில்டரோ நாசிலோதான், பயப்பட வேண்டாம். எஞ்சின் சூடான பிறகும் நீலப் புகை நிற்கவில்லை என்றால் ஆயில் எரிகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வண்டியில் அடுப்பு ஊதினது மாதிரி குப்குப்பென்று புகை தள்ளியது. உள்ளங்கையை மேலே பிடித்தால் காற்று முட்டுவது தெரிந்தது. பிஸ்டன் வளையம் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது, எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும் என்றார் அண்ணாச்சி.

கிளட்ச் பார்ப்பது சுலபம். முன்னால் ஆள் நிற்காத சமதளத்தில் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெரிய கியரில் போட்டுக் கிளட்சை மெல்ல விடுங்கள். எஞ்சின் முக்கி அணைந்தால் கிளட்ச் நல்லது. அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் போய்விட்டது. லிஃப்டுக்கு, பின்னால் மாட்டிய ரோட்டவேட்டரை (சுழல் கலப்பையை) முழுக்கத் தூக்கி எஞ்சினை நிறுத்திவிட்டு, பக்கத்துச் சுவரில் அதன் உயரத்துக்குச் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போடுங்கள். அரை மணி கழித்து எங்களுடையது ஒரு சாண் இறங்கியிருந்தது. தூக்கி நிற்கிற ரோட்டவேட்டருக்குக் கீழே மட்டும் யாரும் குனியக் கூடாது.

கேஜ் வீல் (சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுத் தொளியில் ஓடிய வண்டிக்குப் பின் அச்சின் ஆயில் சீலையும் பாருங்கள். அதன் வழியே சேறு உள்ளே போயிருந்தால் பேரிங் அரைபட்டிருக்கும். உழும்போது கியர் தானாக நழுவினாலோ, கியர்பெட்டி உறையில் விரிசல் இருந்தாலோ நான் அந்த வண்டிக்குச் செலவழிக்க மாட்டேன். அங்கே கை வைத்தால் எங்கே போய் நிற்கும் என்று எந்த மெக்கானிக்காலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இனி, பிறப்பிலேயே இல்லாதது. களக்காட்டில் என் பெரியப்பா மகனுக்குப் பத்து ஏக்கரும் வாழை. ஏழடிக்கு ஏழடி நட்ட தோட்டத்தில் ஐந்தரை அடி அகல வண்டியை மூன்று மாதம் வரைக்கும்தான் உள்ளே விடலாம், அதற்கு மேல் இலையெல்லாம் கிழியும். அண்ணன் தன் 40 குதிரைத்திறன் வண்டியைக் கொடுத்துவிட்டு 24 குதிரைத்திறனில் நாலு சக்கர இழுவை மினி டிராக்டர் எடுத்தார். அவருக்கு அதுதான் சரி. பழைய வண்டியில் தேய்மானம் ஒன்றுமே இல்லை, இருந்தும் மாற்றியது சரி.

அந்த மினியை நான் கேட்டு வாங்கி ஒரு நாள் எங்கள் நெல் வயலில் விட்டுப் பார்த்தேன். கனம் குறைவு என்பதால் சேற்றில் அவ்வளவாகப் புதையவில்லை, திரும்புவதும் அழகாகத் திரும்பியது. ஆனால் எங்கள் ஐந்தடி ரோட்டவேட்டர் அதற்குப் பெரிது, நாலடிதான் போட முடியும். வாழைத்தார் ஏற்றிய டிரெய்லரோடு கால்வாய்க் கரை ஏற்றத்தில் அதன் முன்பக்கம் லேசாகத் தூக்கியபோது எனக்கு நெஞ்சு பதறிவிட்டது. இழுக்கிற வேலை இருக்கிறவர்கள் எடையைப் பார்த்து வாங்குங்கள், குதிரைத்திறனை மட்டும் பார்க்காதீர்கள்.

சரி, பணக் கணக்கு. ஒரு நோட்டுப் போட்டு, வண்டி வருடத்துக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதுங்கள். மீட்டர் ஓடாவிட்டால் டீசல் ரசீதை வைத்துக் கணக்கிடலாம். எங்களுக்கு ரோட்டவேட்டரில் மணிக்கு நாலு லிட்டர். எங்கள் சொந்த வேலை 70 மணி, அக்கம்பக்கத்துக்குக் கூலிக்கு ஓட்டுவது 110 மணி, ஆக 180.

புதிதாக 35 குதிரைத்திறன் வண்டிக்கு எல்லாம் சேர்த்து ஆறரை லட்சம் சொன்னார்கள். பத்து வருடம் கழித்து இரண்டரை லட்சத்துக்குப் போகும் என்று வைத்தால் வருடத்துக்கு 40,000 தேய்மானம். வட்டி, இன்சூரன்ஸ், சர்வீஸ், டயர் என்று இன்னொரு 45,000. ஆக 85,000 ரூபாயை 180 மணியால் வகுத்தால் மணிக்கு 472. அதோடு டீசலுக்கு 370, டிரைவருக்கு 150. ஏறத்தாழ ஆயிரம் ரூபாய். எங்கள் பக்கம் வாடகை மணிக்கு 1,100. கூலிக்கு ஓட்டாமல் சொந்த 70 மணி மட்டும் என்றால் மணிக்கு 1,700-க்கு மேல் போகிறது. அப்படிப்பட்டவர்கள் புது வண்டி வாங்காமல் வாடகைக்கு எடுப்பதுதான் லாபம். வேளாண்மைப் பொறியியல் துறையும் இயந்திரங்களை வாடகைக்கு விடுகிறது. ஆனால் தண்ணீர் திறக்கிற வாரத்தில் வண்டி கிடைக்குமா என்பதையும் கணக்கில் சேருங்கள். நான் அதில்தான் அடிபட்டேன்.

பழைய வண்டிக்கு எஞ்சின் வேலை 78,000, கிளட்ச் 14,000, லிஃப்ட் 9,000, பின் டயர் இரண்டும் 38,000 ஆனது. மொத்தம் 1,39,000. ஆறு வருடம் ஓடினால் வருடத்துக்கு 23,000. சில்லறை ரிப்பேருக்கு 15,000 சேர்த்தாலும் டீசல், டிரைவர் போக மணிக்கு 211 ரூபாய்தான். புது வண்டிக்கு அதே கணக்கில் 472. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

வரி குறைந்ததால் புதிதே வாங்கிவிடலாம் என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது உண்மை. டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18-லிருந்து 5 ஆகியிருக்கிறது. பழைய வண்டிக்கு வேலை பார்ப்பதும் மலிவாகியிருக்கிறது என்பதால் அதை வைத்து மட்டும் முடிவெடுக்க வேண்டாம். பழையதை வைத்துக்கொண்டால் ஆர்.சி. (பதிவுச் சான்று) தேதியையும் பாருங்கள். பதினைந்து வருடம் தாண்டியதை ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும்.

நாங்கள் வண்டியை வைத்துக்கொண்டோம். அந்த வண்டியால் முடியாத ஒரே வேலை வாழைக்குள் களை எடுப்பது. அதற்கு மானியத்தில் ஒரு பவர் வீடர் வாங்கினேன். சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம், உச்சவரம்புக்கு உட்பட்டு. தமிழக அரசின் உழவன் செயலியில் பதியலாம். நிலம் உங்கள் பெயரில் இருக்கிற பெண்கள் இதைக் கட்டாயம் கேளுங்கள்.

எஞ்சின் இறக்கி ஏற்றியவர்களுக்கு இன்னும் ஒன்று. முதல் ஐம்பது மணி நேரம் பாரம் இழுக்கவோ தொளிக்கு விடவோ கூடாது. காலி டிரெய்லர், புழுதி உழவு, அவ்வளவுதான். ஐம்பது மணி ஆனதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளை மெக்கானிக்கிடம் ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு அந்த ஐம்பது மணி முடிய வைகாசி பாதி ஆகிவிட்டது. அதனால்தான் பங்குனியிலேயே ஆரம்பிக்கச் சொல்கிறேன்.