உப்புத் தண்ணீருக்குத் தாங்கும் தூண்டில் குறடு: பார்த்து வாங்குவது எப்படி?

கோவளத்திலும் முட்டுக்காடு முகத்துவாரத்திலும் நான் தூண்டில் போடத் தொடங்கி ஏழு வருடமாகிறது. முதல் மூன்று வருடத்தில் ஐந்து குறடுகள் துருவேறிப் போயின. இப்போது பையில் இருக்கும் ஆறாவது குறடு நான்கு வருடமாக உழைக்கிறது. அது விலை உயர்ந்தது இல்லை. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துகொண்ட பிறகு வாங்கியது, அவ்வளவுதான்.

ராடு, ரீல் வாங்க மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, குறடு என்றால் வீட்டுக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடையில் ஒரு கட்டிங் பிளேயரை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கடலுக்குப் போனபின் நிலைமை வேறு. கெளுத்தி கொக்கியை விழுங்கிக்கொண்டு வரும். அதன் முள்ளில் விஷம் உண்டு. வாளை மீனின் பல் விரலைக் கிழித்துவிடும். அந்த நேரத்தில் உங்கள் கைக்கும் மீனின் வாய்க்கும் நடுவில் இருப்பது குறடு மட்டும்தான். அது திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தால் கையும் போகும், திருப்பி விட நினைத்த மீனும் செத்துப்போகும்.

படி 1: எங்கே, எதற்கு என்று முடிவு செய்யுங்கள்

இதில் பெரிதாக யோசிக்க ஒன்றுமில்லை. கரையிலிருந்தும் சின்னப் படகிலிருந்தும் போடுபவர்களுக்கு 7 அல்லது 8 அங்குல நீளம் போதும். மூக்கு நீளமாக இருக்கட்டும். லூர் (செயற்கை இரை) போடுகிறவராக இருந்தால், அதில் கொக்கியை மாட்டியிருக்கும் ஸ்ப்ளிட் ரிங் என்ற சுருள் வளையத்தைப் பிரிக்க, நுனியில் சின்னக் கொம்பு மாதிரி வளைந்திருக்கும் பல் வேண்டும். அது இல்லாமல் நகத்தால் வளையத்தைப் பிரித்துக் கொக்கி மாற்றிப் பாருங்கள், தெரியும். ஒரு கையால் திறந்து மூட முடிகிறதா என்று கடையிலேயே பாருங்கள், ஏனென்றால் இன்னொரு கையில் மீன் இருக்கும்.

படி 2: 'ஸ்டெயின்லெஸ்' என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்பது ஒரே பொருள் இல்லை, ஒரு பெரிய குடும்பம். குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருந்தால் எஃகின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு படலம் ஒன்று உருவாகும். துருவைத் தடுப்பது அந்தப் படலம்தான். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. அந்த உப்பிலுள்ள குளோரைடு இந்தப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். அதனால்தான் கடலில் துரு பரவலாக வராமல் ஊசி குத்தினாற்போலக் குழி குழியாக வருகிறது.

இந்தக் குடும்பத்தில் ஒவ்வொரு ரகத்துக்கும் ஒரு எண் உண்டு. நம் வீட்டுப் பாத்திரங்களில் நல்ல ரகமெல்லாம் 304. அதோடு 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்தது 316, படகு சாமான்களுக்குப் போடுவது. அப்படியானால் 316 குறடு வாங்கிவிட்டால் போதுமே என்று நானும் நினைத்தேன். சிக்கல் என்னவென்றால், 304-ஐயும் 316-ஐயும் சூடாக்கிக் குளிர்வித்துக் கடினப்படுத்த முடியாது. அவற்றில் வெட்டும் முனை செய்தால் சீக்கிரம் மழுங்கிவிடும். அதனால் பெரும்பாலான குறடுகள், கடினப்படுத்தக்கூடிய 420 வகை ஸ்டெயின்லெஸ்ஸில் வருகின்றன. சீனத் தயாரிப்புகளில் 2சிஆர்13, 3சிஆர்13 என்று போட்டிருந்தாலும் ஏறக்குறைய அதே இனம்தான். அதில் குரோமியம் 12 முதல் 14 சதவீதம். கடினமானது, நன்றாக வெட்டும், ஆனால் கவனிக்காமல் விட்டால் கடலில் துருவேறும். கடினமும் வேண்டும், துருவும் கூடாது என்றால் இரண்டையும் ஒரே எஃகில் மலிவாகக் கேட்க முடியாது.

காந்தத்தை வைத்துப் பார்ப்பது பழைய வழி. ஒட்டாவிட்டால் 304, 316, அலுமினியம், டைட்டானியம் இவற்றில் ஒன்றாக இருக்கலாம். ஒட்டினால் அது 420 ஆகவும் இருக்கலாம், மேலே முலாம் பூசிய சாதாரண இரும்பாகவும் இருக்கலாம். ஒட்டுகிறது என்பதற்காக மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். என்ன ரகம் என்று எங்குமே எழுதாமல் வெறும் 'ஸ்டீல்' என்று போட்டு, பளபளவென்று முலாமும் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

'டைட்டானியம் கோட்டிங்' என்பது வேறு, டைட்டானியம் என்பது வேறு. முந்தையது எஃகின் மேல் ஒரு பூச்சு. தினமும் கொக்கி உரசுகிற நுனியில் அது முதலில் தேயும். முழு டைட்டானியத்தில் செய்த குறடுகளும் உண்டு. வான் ஸ்டால் என்ற தூண்டில் சாமான் நிறுவனம் அப்படித்தான் பெயர் வாங்கியது. கடல் நீர் டைட்டானியத்தை ஒன்றும் செய்யாது, எடையும் எஃகில் பாதியைவிடக் கொஞ்சம்தான் அதிகம். வாரம் நாலு நாள் கடலில் இருப்பவருக்கு அந்த விலை தகும். தொடங்குகிறவருக்கு வேண்டாம் என்பது என் கருத்து. குறடு தண்ணீரில் விழுந்து தொலைவதும் நடக்கிற காரியம்தான்.

படி 3: அச்சு ஆணியையும் ஸ்பிரிங்கையும் பாருங்கள்

என்னை மூன்று வருடம் அலையவிட்டது இந்த இடம்தான். அதனால் நிதானமாகச் சொல்கிறேன்.

என் மூன்றாவது குறடு நீல நிற அலுமினியம். மிக லேசாக இருந்தது, கையில் பிடிக்கவே ஆசையாக இருக்கும். தாடையும் வெட்டும் பிளேடும் மட்டும் எஃகு, சின்ன ஸ்க்ரூ போட்டு அலுமினிய உடம்பில் பொருத்தியிருந்தார்கள். பிளேடு மழுங்கினால் மாற்றிக்கொள்ளலாம் என்பதால்தான் அதை வாங்கினேன். எட்டு மாதம் கழித்து மாற்ற உட்கார்ந்தேன். ஸ்க்ரூ அசையவில்லை. ஆலன் கீயை அழுத்தித் திருப்பியதில் ஸ்க்ரூ தலையின் பள்ளம் வழுக்கிப் போனது. சுற்றிலும் வெள்ளையாகப் பொடி பூத்திருந்தது. சுண்ணாம்பு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது என்று நினைத்துச் சுரண்டினேன். அலுமினியமே பொடிப்பொடியாக வந்தது.

தெரிந்த லேத் பட்டறை அண்ணனிடம் கொண்டுபோனேன். பார்த்தவுடனே சொல்லிவிட்டார்: "தம்பி, அலுமினியத்தையும் எஸ்எஸ்ஸையும் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஒண்ணாப் போட்டு உப்புத் தண்ணியில நனைச்சா அது பேட்டரி. ஒண்ணு கரைஞ்சுதான் ஆகணும்."

அதுதான் நடந்திருந்தது. இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டு, நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால் மின்னோட்டம் பிறக்கும். அதில் அலுமினியம் கரையும், எஃகு தப்பிக்கும். அலுமினியத்தின் மேலிருக்கும் நிறப் படலம் நல்ல பாதுகாப்புதான். ஆனால் ஸ்க்ரூ முறுக்கும்போது துளைக்குள்ளே அந்தப் படலம் உரசிப் போய்விடுகிறது. கரைந்தது வெள்ளைப் பொடியாகி, இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொண்டு ஸ்க்ரூவை இறுக்கிப் பிடித்துவிடும்.

அலுமினியமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வாங்கிய அன்றே, ஒரு சொட்டுக் கடல் நீர் படுவதற்கு முன், பிளேடு ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, மரையில் படகு எஞ்சினுக்குப் போடும் கிரீஸைத் தடவி மறுபடி முறுக்குங்கள். பத்து நிமிட வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். நான் அன்று செய்யாமல் விட்டது இதைத்தான்.

முழு எஃகுக் குறட்டிலும் அச்சு ஆணிதான் நோயாளி. இரண்டு தகடுகளும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் அந்த மெல்லிய இடுக்கில் உப்புத் தண்ணீர் புகுந்து தங்கிவிடும். அங்கே காற்று போகாது. ஆக்சிஜன் இல்லாவிட்டால் முன்பு சொன்ன படலம் தன்னைத்தானே சரிசெய்துகொள்ள முடியாது. வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே அரித்துக்கொண்டிருக்கும். ஆகவே ரிவெட் அடித்து மூடிய அச்சைவிட, ஸ்க்ரூ போட்டுத் திறக்க முடிகிற அச்சு எனக்குப் பிடிக்கும். திறந்து துடைத்து எண்ணெய் போடலாம். ரிவெட் ரகம் கெட்டியானது என்று சில நண்பர்கள் சொல்வார்கள். கெட்டிதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க வழியே இல்லையே.

அப்புறம் ஸ்பிரிங். உடம்புக்கு நல்ல எஃகு போட்டுவிட்டு ஸ்பிரிங்கில் சாதாரணக் கம்பியைப் போட்டுவிடுவார்கள். ஐந்தில் இரண்டு குறடுகளில் முதலில் போனது எனக்கு ஸ்பிரிங்தான். ஸ்பிரிங் வெளியே தெரிகிற, கழற்றி மாற்றக்கூடிய குறடாக எடுங்கள்.

படி 4: கடைக்கு நூலோடு போங்கள்

சட்டைப்பையில் ஒரு துண்டு பிரெய்டு நூலும் (பல இழைகளைப் பின்னிய தூண்டில் நூல்), ஒரு துண்டு தடித்த தங்கூசியும் (ஒற்றை இழை நைலான் நூல்) இருக்கட்டும். முதலில் குறட்டை மூடி வெளிச்சத்துக்கு நேராகப் பிடியுங்கள். வெட்டும் பிளேடுகளுக்கு நடுவே வெளிச்சம் கசிந்தால் பிரெய்டு வெட்டாது. அந்த நூல் மெலிந்தது, வழுக்கும், இடைவெளியில் மடங்கி உட்கார்ந்துகொள்ளும். பிறகு நூலை இழுத்துப் பிடிக்காமல் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். இழுத்துப் பிடித்தால் மழுங்கிய பிளேடுகூட வெட்டிவிடும்.

டங்ஸ்டன் கார்பைடு பிளேடு பிரெய்டுக்கு அருமையாக இருக்கும், ஆனால் நொறுங்கும் குணம் உடையது. அதில் தடித்த கொக்கியையோ ஸ்டீல் லீடரையோ (கொக்கிக்கு முன்னால் கட்டும் எஃகுக் கம்பி) வெட்டினால் ஓரம் உதிர்ந்துவிடும். நானோ பிரெய்டுக்கு ஒரு சின்னக் கத்தரிக்கோலைத் தனியாகக் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன். குறட்டின் வேலை பிடிப்பதும் பிடுங்குவதும், கொக்கி கையில் ஏறிவிட்டால் அதை வெட்டுவதும்தான். ஒரே கருவியிடம் எல்லாவற்றையும் கேட்டபோதெல்லாம் எனக்கு எதுவும் சரியாக அமையவில்லை.

படி 5: வீட்டிலேயே ஒரு உப்புச் சோதனை

ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் சமையல் உப்பைக் கரையுங்கள். புதுக் குறட்டின் அச்சிலும் ஸ்பிரிங்கிலும் ஸ்க்ரூ தலைகளிலும் சில சொட்டு விட்டு, ஈரத் துணி சுற்றி ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் எங்கே பழுப்பு வளையம் தெரிகிறதோ அதுதான் பலவீனமான இடம். கடைக்காரரிடம் திருப்பிக் கொடுப்பதற்காக இதைச் செய்யாதீர்கள், அது நியாயமில்லை. எந்த உறுப்புக்கு எண்ணெய் அதிகம் வேண்டும், எதை முன்கூட்டியே மாற்ற வேண்டும் என்று நமக்குத் தெரிவதற்காகத்தான். முடிந்ததும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள்.

படி 6: வீடு திரும்பியதும்

நல்ல தண்ணீரில் முக்கி, தண்ணீருக்குள்ளேயே இருபது தடவை திறந்து மூடுங்கள். குழாயடியில் மேலாகக் காட்டிவிட்டு எடுத்தால் இடுக்கில் இருக்கும் உப்பு அங்கேயே இருக்கும். உதறி, துடைத்து, ஃபேன் காற்றில் காயவைத்து, அச்சிலும் ஸ்பிரிங்கிலும் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. டபிள்யூடி-40 அடிக்கலாம், தண்ணீரை விரட்டும். ஆனால் நெடுநாள் நிற்கும் எண்ணெய் அது இல்லை, அதற்குமேல் எண்ணெய் விடத்தான் வேண்டும்.

உறையையும் கழுவுங்கள். ஈர உறைக்குள் குறட்டைச் செருகி அடுத்த ஞாயிறு வரை வைப்பதைப் போலக் கெடுதல் வேறில்லை. உறை, கடலில் இடுப்பில் மாட்டிக்கொள்ள மட்டும். வீட்டில் குறடு வெளியேதான் இருக்க வேண்டும்.

பிறகு சேர்த்தது

"ஒவ்வொரு முறையும் கழுவுகிறேன், ஆனாலும் துரு வருகிறது" என்று ஒருவர் எழுதியிருந்தார். விசாரித்தபோது, அவர் வீட்டில் ஆர்ஓ மெஷின் வெளியேற்றும் தண்ணீரைப் பிடித்துவைத்து அதில்தான் கழுவியிருக்கிறார். அந்தத் தண்ணீரில், உள்ளே போன தண்ணீரைவிட உப்பு அதிகம். கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீரே கரிப்பாக இருக்கும் வீடுகளும் நிறைய. முதலில் எதில் வேண்டுமானாலும் கழுவுங்கள், கடைசி ஒரு செம்பு மட்டும் குடிக்கிற தண்ணீராக இருக்கட்டும்.

இன்னொருவர் துருக்கறைக்குப் புளி போட்டுத் தேய்க்கலாமா என்று கேட்டார். எஃகில் மேலாகப் படிந்த பழுப்புக் கறைக்குப் போடலாம், உடனே கழுவிவிட வேண்டும். அலுமினியக் குறட்டில் போடவே கூடாது, புளிப்பு அதன் படலத்தை அரிக்கும். இரும்பு நார் எதிலும் வேண்டாம். அதன் துகள் ஒட்டிக்கொண்டு புதுத் துருவுக்கு வித்தாகிவிடும்.

ஏற்கெனவே இறுகிப்போன குறட்டை என்ன செய்வது என்று பலர் கேட்டதால் இது. சுத்தியலால் தட்டாதீர்கள், தாடை கோணினால் பிறகு நேராகாது. வெதுவெதுப்பான நல்ல தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்து உப்பைக் கரைய விடுங்கள். மறுநாள் துடைத்து, துருவை இளக்கும் எண்ணெயை அச்சில் விட்டு இன்னொரு ராத்திரி வையுங்கள். பிறகு ஒரு மயிரிழை, இரண்டு மயிரிழை என்று ஆட்டிக்கொண்டே எண்ணெயை விடுங்கள். அச்சிலிருந்து முதலில் செம்மண் மாதிரி வரும். எண்ணெய் தெளிவாக வெளியே வரும்வரை விடாமல் செய்யுங்கள். என் நண்பரின் குறடு ஒன்று இப்படி மூன்றாம் நாள் திறந்தது. ஸ்பிரிங் மட்டும் கையோடு பொடிந்து வந்துவிட்டது. அதை அளவுக்குக் கொண்டுபோய், எஸ்எஸ் கம்பியில் புதிதாகச் சுற்றி வாங்கிப் போட்டோம்.