இரண்டாவது செய்தியாளர் சந்திப்பில் நான் மாற்றியவை

எங்கள் அமைப்பின் முதல் செய்தியாளர் சந்திப்பை மாலை 5 மணிக்கு வைத்தேன். நான்கு பேர்தான் வந்தார்கள். நாளிதழ்க்காரர்கள் அன்றைய செய்தியை எழுதி முடிக்கப் பரபரக்கும் நேரம் அது என்று எனக்கு உறைக்கவில்லை. மேடையில் ஆறு பேர் மாறி மாறிப் பேசியதில் சொல்ல வந்த விஷயமே அமுங்கிப்போனது.

அடுத்த முறை காலை 11 மணி. முந்தைய நாள் ஒவ்வொரு செய்தியாளரையும் போனில் அழைத்து நினைவூட்டினேன். பேசியவர் ஒருவர்தான், பத்தே நிமிடம். மீதி நேரம் கேள்விகளுக்கு. சங்கடமான கேள்விகளை நாங்களே எழுதி, முந்தைய இரவு அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுப் பழக்கியிருந்தோம். அதுதான் காப்பாற்றியது. பெயர்களும் எண்களும் அடங்கிய ஒரு பக்கச் செய்திக்குறிப்பைக் கையில் கொடுத்தோம். வராதவர்களுக்கும் உடனே மின்னஞ்சலில் போனது. மறுநாள் ஓர் எண்கூடத் தவறாக வரவில்லை.