கோப்பு வேலைகளை நிரலுக்குள்ளேயே முடித்தல்

ஈரோட்டு மஞ்சள் மண்டி ஒன்றுக்காக எழுதிய பைத்தான் நிரலில், அன்றாடப் பட்டியல்களை நகலெடுக்க இயங்குதளத்தின் ‘சிபி’ (cp) கட்டளையை, வெளிக் கட்டளைகளை ஓட்டும் ‘ஓஎஸ்.சிஸ்டம்’ (os.system) வழியாக அழைத்திருந்தேன். ‘விரலி மஞ்சள்’ என்று இடைவெளியோடு பெயரிட்ட கோப்பை, கட்டளைகளைப் படித்து இயக்கும் ஷெல் இரண்டு பெயர்களாகப் பிரித்துக்கொண்டதால் நகல் உருவாகவில்லை. திரும்பி வந்த பிழை எண்ணை நான் சோதிக்காததால் நிரலும் மேலே ஓடியது. அதற்குப் பதிலாகப் பைத்தானிலேயே உள்ள ‘ஷுட்டில்’ (shutil) தொகுதியின் ‘காப்பி2’ (copy2) பெயரைப் பிரிக்காது, தவறினால் விதிவிலக்கை (நிரலை நிறுத்தும் பிழை அறிவிப்பை) எழுப்பும், கோப்பின் மாற்ற நேரத்தையும் காக்கும்.

அடைவு (கோப்புறை) உருவாக்கப் ‘பாத்லிப்’ (pathlib) தொகுதியின் ‘எம்கேடிர்’ (mkdir) போதும்.

இடமாற்றத்தில்தான் மிகுந்த கவனம் வேண்டும். ‘ஓஎஸ்.ரீநேம்’ (os.rename) ஒரே கோப்பு முறைமைக்குள் (ஒரே வட்டுப் பிரிவுக்குள்) மட்டுமே நகர்த்தும் என்பதால், பென்டிரைவுக்கு மாற்றும்போது பிழை தரும். ‘ஷுட்டில்.மூவ்’ அங்கே நகலெடுத்துவிட்டு மூலத்தை நீக்கும்; ஆனால் நடுவில் மின்சாரம் போனால் பென்டிரைவில் அரைகுறைக் கோப்பு தங்கிவிடலாம். ஆகவே கணக்குக் கோப்புகளை இலக்கு அடைவிலேயே தற்காலிகப் பெயரில் நகலெடுத்து, அளவைச் சரிபார்த்து, ‘ஓஎஸ்.ரீப்ளேஸ்’ கொண்டு உரிய பெயருக்கு மாற்றிய பின்னரே மூலத்தை நீக்குமாறு பரிந்துரைக்கிறேன்.

‘ஷுட்டில்’ தொகுதியின் ‘ஆர்எம்ட்ரீ’ (rmtree) அடைவை முழுவதுமாக அழித்துவிடும். பாதையை அச்சிட்டுப் பார்க்காமல் அதை அழைக்க வேண்டாம்.