சீனிக் கச்சான் பிசுபிசுத்தால்: என் அனுபவம்
மாய உலகக் கதைப் பைத்தியமான மகள் பிறந்தநாளுக்கு ‘டிராகன் முட்டை’ கேட்டாள். கிளிநொச்சிச் சந்தையில் வாங்கிய கச்சானுக்கு (நிலக்கடலை) முட்டைபோல் சீனி பூசினேன். ஆறியதும் மொறுமொறுப்பு, விடிந்தால் போத்தலுக்குள் ஒரே பிசுபிசுப்பு. வெயிலில் காயவைத்தேன், குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன், பாகை இன்னும் இறுக்கினேன். சரிவரவில்லை.

காரணம், செய்முறையில் இருந்த தேசிப்புளி (எலுமிச்சைச் சாறு)! புளி சீனியைக் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் உடைத்துவிடும். அப்புறம் பாகு பூக்காது (மீண்டும் சீனி மணிகளாகாது), காற்றின் ஈரத்தையும் இழுக்கும்.

புளி சேர்க்காமல், 2 கப் கச்சான், 1 கப் சீனி, கால் கப் தண்ணீரை ஒன்றாகவே தாச்சியில் போட்டுக் கிளறினேன். தண்ணீர் வற்றியதும் சீனி திடீரென வெள்ளை மணலாகிவிடும். கெட்டுப்போச்சு என்று இறக்கிவிடாதீர்கள். நெருப்பைத் தணித்து, பாதிச் சீனி உருகிப் பளபளக்கும்வரை கிளறுங்கள். உருகாத மீதிதான் முட்டையின் செதில்.

அப்பாடா, இப்போது மழைநாளிலும் போத்தலைக் குலுக்கினால் கலகலக்கிறது.